உறையில் யார் பெயர்?

(லாரின் ஹில்லின் முதல் தனி ஆல்பம் பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசை கேட்பதில் ஆர்வம் உள்ளவர்களும், இசையமைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களும் இங்கே கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பயன்படும்படியாக ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

1998 ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவில் 'தி மிஸெஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்ற ஆல்பம் கடைகளுக்கு வந்தது. ராப் பாடகி லாரின் ஹில்லுக்கு அது முதல் தனி ஆல்பம். அப்போது அவருக்கு வயது 23. இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை. முதல் வாரத்திலேயே 4,22,624 பிரதிகள் விற்றுப்போயின. எந்தப் பெண் கலைஞரின் ஆல்பமும் அதுவரை முதல் வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை. ஆறு மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கானது. ராப் மரபிலிருந்து வந்த ஓர் ஆல்பம் அந்த விருதைத் தொட்டது அதுவே முதல் முறை.

இந்த வெற்றிக் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. ஆல்பம் வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், நவம்பரில், நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த நான்கு இளம் இசைக் கலைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 'நியூ ஆர்க்' என்ற பெயரில் இயங்கிய குழு அது. இந்தப் பாட்டுகளை உருவாக்கியதில் எங்களுக்குப் பெரும் பங்கு உண்டு, உறையில் அது சரியாகச் சொல்லப்படவில்லை என்பது அவர்களுடைய வழக்கு. உறையிலோ, எழுதியவர், இசையை ஒழுங்கு செய்தவர், தயாரித்தவர், பாடியவர் எல்லாமே லாரின் ஹில் என்று இருந்தது. நால்வரின் பெயரும் விட்டுப்போகவில்லை. கூடுதல் பங்களிப்பு என்ற வகையில் சின்ன எழுத்தில் இருந்தது.

யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அந்த உறையும் அந்த வழக்கும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதே என் கட்சி. ஒரு பெண் தன் உழைப்பைத் தன்னுடையது என்று ஊர் முன்னால் நிறுவ வேண்டியிருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு இடையே ஒப்பந்தத் தாள் என்று ஒன்று எழுதப்படவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் முடியும்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

லாரின் ஹில் 1975-ல் பிறந்தவர். வளர்ந்தது நியூ ஜெர்சியில் சவுத் ஆரஞ்சு என்ற ஊர். தாய் ஆங்கில ஆசிரியை. பெற்றோர் சேர்த்து வைத்திருந்த பழைய சோல் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பதின்மூன்றாம் வயதில் நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி மேடையில் ஏறினார். அந்த அரங்கத்துக் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே கூச்சல் போடும். இந்தச் சிறுமிக்கும் முதலில் கூச்சல்தான் கிடைத்தது. பாட்டை நிறுத்தாமல் பாடி முடித்தார்.

பள்ளிப் பருவத்திலேயே ப்ராஸ் மிஷெல், வைக்ளெஃப் ஜான் இருவரோடும் சேர்ந்து குழு அமைத்தார். இருவரும் ஹைத்தி வழி வந்தவர்கள். ஹைத்தியிலிருந்து வந்த அகதிகளை இழிவாகக் குறிக்கப் பயன்பட்ட சொல்லையே எடுத்துக் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்: ஃபியூஜீஸ். 1994-ல் வந்த முதல் ஆல்பம் எடுபடவில்லை. இரண்டாவது ஆல்பமான 'தி ஸ்கோர்' 1996 பிப்ரவரியில் வந்தது. அதன் பெரும்பகுதி ஈஸ்ட் ஆரஞ்சில் வைக்ளெஃபின் உறவினர் வீட்டு அடித்தளத்தில் பதிவானது. அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சத்துக்கு மேல் விற்றது. ராபர்ட்டா ஃப்ளாக் 1973-ல் புகழ்பெறச் செய்த ஒரு பாட்டை லாரின் ஹில் புதிதாகப் பாடினார். அந்தக் குரல் உலகம் முழுக்கச் சுற்றியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. குரல் இவருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இசைக்குப் பின்னால் இருக்கும் மூளை யாருடையது என்று கேட்டால், பலர் தயங்காமல் வைக்ளெஃப் பெயரைச் சொன்னார்கள். பெண் பாடுவாள், ஆண் இசையமைப்பான் என்ற நினைப்பு எல்லா ஊர் இசைத் தொழிலிலும் ஊறிப்போனது. 1997 ஜூனில் வைக்ளெஃபின் தனி ஆல்பம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாரின் ஹில்லுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொழில் உச்சத்தில் இருக்கும்போது இப்போது குழந்தை எதற்கு என்று சுற்றி இருந்தவர்கள் அறிவுரை சொன்னதாக அவர் அந்தக் குழந்தையின் பெயரால் அமைந்த பாட்டிலேயே சொல்லிவிட்டார். பாட்டின் பெயர் 'டு ஸயன்'. அதில் கிதார் வாசித்தவர் கார்லோஸ் சந்தானா.

அந்தக் காலகட்டத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. சோல் இசையின் அரசியாக மதிக்கப்பட்ட அரீதா ஃபிராங்க்ளினுக்கு லாரின் ஹில் ஒரு பாட்டை எழுதித் தயாரித்துக் கொடுத்தார். 'எ ரோஸ் இஸ் ஸ்டில் எ ரோஸ்' என்ற அந்தப் பாட்டு 1998 தொடக்கத்தில் வெளிவந்தது. அதன் காணொளியை இயக்கியதும் அவரே. இருபத்திரண்டு வயதுப் பெண் சொல்லிக்கொடுக்க, அரீதா ஃபிராங்க்ளின் பாடியிருக்கிறார். இவரால் தயாரிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. அப்படியிருந்தும் தனி ஆல்பம் என்று வந்தபோது, வெளியிலிருந்து அனுபவமுள்ள தயாரிப்பாளர் ஒருவரைக் கொண்டுவரலாமே என்ற யோசனை கம்பெனி தரப்பில் எழுந்தது. அவர் மறுத்துவிட்டார். இந்த மறுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உறையில் அச்சானது இந்த மறுப்பின் நீட்சிதான்.

இனி ஆல்பம் உருவான விதம்.

1997-ன் பிற்பகுதியில் தொடங்கி 1998 கோடை வரை வேலை நடந்தது. நியூயார்க்கின் சுங் கிங் ஸ்டுடியோ ஓர் இடம். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், பாப் மார்லி நிறுவிய டஃப் காங் ஸ்டுடியோ இன்னோர் இடம். கிங்ஸ்டன் போனதற்குக் குடும்பக் காரணமும் உண்டு. குழந்தையின் தந்தை ரோஹன் மார்லி, பாப் மார்லியின் மகன்.

அந்தக் காலத்து ராப் ஆல்பம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு வினாடி, நான்கு வினாடித் துண்டை வெட்டி எடுப்பார்கள். அதைச் சாம்பிள் என்பார்கள். அதைச் சுழலவிட்டு, அடியில் டிரம் மெஷினின் தாளத்தைச் சேர்த்தால் பீட் தயார். ராப் பாடுகிறவர் அதன்மேல் பாடுவார். லாரின் ஹில் இந்த வழியை முழுதாக விடவில்லை. ஆனால் அவர் காதில் இருந்தது அம்மா அப்பா வைத்திருந்த சோல் தட்டுகளின் ஒலி. கிதார், பியானோ, ஆர்கன், ஹார்ப், பித்தளை ஊதுகருவிகள் என்று ஆட்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றார். குரல் பதிவிலும் அதே பிடிவாதம். ஏற்ற இறக்கங்களை அமுக்கிச் சமப்படுத்தும் கருவிகளை அதிகம் நாடாமல், தொண்டையின் கரகரப்பும் மூச்சும் கேட்கும்படி விட்டார். இன்று கேட்டாலும் அந்தப் பாட்டுகள் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் பாடுவது போல இருப்பதற்கு அதுவே காரணம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. சாம்பிள் எடுத்தால் அதற்குக் காகிதம் உண்டு. 1991 இறுதியில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதி வாங்காமல் பழைய பாட்டொன்றைப் பயன்படுத்திய வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய கம்பெனியும் உரிமைச் சீட்டு இல்லாமல் ஒரு துண்டைக்கூட வெளியே விடுவதில்லை. இந்த ஆல்பத்தில் 'எக்ஸ்-ஃபேக்டர்' என்ற பாட்டைப் பாருங்கள். 1973-ல் ஒரு திரைப்படத்துக்காக எழுதப்பட்ட 'தி வே வி வேர்' என்ற பாட்டை சோல் பாடகி கிளாடிஸ் நைட் தன் வழியில் பாடினார். 1993-ல் வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவினர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தங்கள் பாட்டில் வைத்தார்கள். வூ-டாங் பாட்டின் சாயலை லாரின் ஹில் எடுத்தார். எனவே இருபத்தைந்து ஆண்டுக்கு முன் அந்தத் திரைப்பாட்டை எழுதியவர்களுக்கும் 'எக்ஸ்-ஃபேக்டர்' பாட்டில் எழுத்தாளர் பெயரும் பங்கும் உண்டு. அவர்கள் சுங் கிங் ஸ்டுடியோவின் வாசற்படியை மிதித்ததில்லை. 2018-ல் ராப்பர் டிரேக் 'நைஸ் ஃபார் வாட்' பாட்டில் 'எக்ஸ்-ஃபேக்டர்' துண்டைப் பயன்படுத்தியபோது இந்தச் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி நீண்டது.

ஆக, எங்கோ இருப்பவரின் நான்கு வினாடிக்குக் காகிதம் இருக்கிறது. அதே அறையில் கீபோர்டில் விரல் வைத்துப் புதிதாக நான்கு வினாடியைப் பிறப்பித்தவருக்கு அது இல்லை. சாம்பிளைக் குறைத்து, ஆட்களை வாசிக்கவைத்தால் ஒலி செழிக்கும், உண்மைதான். கூடவே அறையில் தலைகளும் கூடும். ஒருவர் பாஸ் கிதாரில் ஏதோ தட்டுகிறார், இன்னொருவர் அதற்கு ஒரு சுரக்கட்டு கண்டுபிடிக்கிறார், பாடகி அந்த இடத்திலேயே மெட்டைப் பாடுகிறார், நான்காமவர் ஒரு வரியை மாற்றச் சொல்கிறார். நள்ளிரவு தாண்டுகிறது. பாட்டு பிறந்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், அதை எழுதியது யார்?

கிங்ஸ்டனில் நடந்ததாக ஒலிப்பதிவுப் பொறியாளர் கமிஷனர் கோர்டன் பின்னாளில் சொன்ன ஒரு செய்தி உண்டு. 'லாஸ்ட் ஒன்ஸ்' என்ற பாட்டை லாரின் ஹில் மார்லி வீட்டுக் கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் மார்லியின் பேரப்பிள்ளைகள். இவர் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கடைசிச் சொல்லைத் திரும்பக் கத்துகிறார்கள். பாட்டுக்கு அப்படியே வேகம் ஏறுகிறது. அதே பாட்டின் பல்லவியில் ஜமைக்கப் பாடகி சிஸ்டர் நான்சி 1982-ல் பாடிய 'பாம் பாம்' பாட்டின் மெட்டு ஒலிக்கிறது. ரெகே உலகத்தில் எத்தனையோ பேர் கையாண்ட மெட்டு அது. சிஸ்டர் நான்சிக்கோ அந்தப் பாட்டுக்கான உரிமைத்தொகை சொந்த ஊரிலிருந்து பல பத்தாண்டுகளாக வரவே இல்லை. நியூ ஜெர்சியில் வங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014-ல் ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலைத் தானே கேட்டபிறகு வழக்கறிஞரைப் பிடித்துப் பாதி உரிமையை மீட்டார். ஒருவர் பாட்டின் புகழும் அந்தப் பாட்டின் வரும்படியும் வேறு வேறு வழியில் போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆல்பத்தின் கட்டமைப்பைப் பற்றியும் சொல்லாமல் நகர முடியாது. தலைப்பு, கறுப்பின வரலாற்றறிஞர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1933-ல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பை நினைவூட்டுவது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி அவர்களையே அவர்களுக்கு அன்னியமாக்குகிறது என்று வாதாடிய நூல். ஆல்பம் பள்ளி மணியோடு தொடங்குகிறது. ஆசிரியர் வருகைப் பதிவேடு எடுக்கிறார். லாரின் ஹில் பெயரைக் கூப்பிடுகிறார், பதில் இல்லை. இவர் வகுப்புக்கு வரவில்லை. அன்றைய பாடம் காதல். பாட்டுகளுக்கு நடுவே அந்த வகுப்பறைப் பேச்சு தொடர்ந்து வருகிறது. ஆசிரியராகப் பேசுகிறவர் உண்மையிலேயே ஆசிரியரான ராஸ் பராக்கா. கவிஞர் அமீரி பராக்காவின் மகன், 2014 முதல் நூவர்க் நகர மேயர். பிள்ளைகளைச் சவுத் ஆரஞ்சு வீட்டின் முன்னறையில் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். மனப்பாடம் பண்ணிய பேச்சு இல்லை என்பது கேட்டவுடன் தெரியும். உறைப்படமும் பள்ளிக்கூட மேசைப் பலகையில் செதுக்கிய அவருடைய முகம். படங்கள் எடுத்தது மேப்பிள்வுட்டில் அவர் படித்த கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில்.

இத்தனை பாட்டையும் ஒரு பொருளில் கோத்து, பள்ளி மணியில் தொடங்கி முடிவு வரை கொண்டுபோன பார்வை ஒருவருடையதுதான். குழு கூடி இதைத் தீர்மானித்திருக்க முடியாது. தாய்மை, முறிந்த உறவு, பணம் வந்ததும் மாறும் மனிதர்கள், ஊர் நினைவு, இறை நம்பிக்கை என்று எல்லாமே ஒரே வாழ்க்கையிலிருந்து வருகின்றன. ராப், சோல், ரெகே மூன்றையும் ஒரே தொண்டை பாடுகிறது. முன்னோடியாக வெளிவந்த தனிப்பாட்டு 'டூ வாப்' அந்த நவம்பரில் பில்போர்டு பட்டியலில் நுழையும்போதே முதலிடத்தில் நுழைந்தது. அதன் காணொளியில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் 1967, மறுபக்கம் 1998. ஒரே நியூயார்க் தெரு. இரு காலத்திலும் அதே பெண் பாடுகிறார். தன் இசை எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறைக்கவே இல்லை. பழையவர்களின் கடனை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர், பக்கத்தில் இருந்தவர்களின் கடனில் ஏன் தடுக்கி விழுந்தார் என்பதே கேள்வி.

உறைக்கு வருவோம். எழுதியது, தயாரித்தது, வாசித்தது, பாடியது எல்லாம் நானே என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க இசையில் புதிதல்ல. 1978-ல் பாடகர் பிரின்ஸ் தன் முதல் ஆல்பமான 'ஃபார் யூ' உறையில் ஏறத்தாழ இப்படியே போட்டார். அப்போது அவருக்கு 19 வயது. உலகம் அவரை மேதை என்றது. பிரின்ஸ் அந்த ஆல்பத்தில் வாத்தியங்கள் அனைத்தையும் உண்மையில் தானே வாசித்தார் என்பதும் உண்மை. அதிலேயே ஒரு பாட்டின் வரிகளில் துணை நின்ற நண்பரின் பெயர் அந்தப் பாட்டுக்கு எழுத்தாளர் பெயராக வந்துவிட்டது. லாரின் ஹில் எடுத்துக்கொண்டது அந்த மேதையரின் வரியை. வேலை நடந்த விதமோ கூட்டு உழைப்பு. இந்த இரண்டும் பொருந்தவில்லை.

ஏன் அந்த வரி அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது? உறையில் ஓர் ஆணின் பெயர் தயாரிப்பாளராக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். எல்லாப் புகழும் அவரிடம் போயிருக்கும். 'தி ஸ்கோர்' விஷயத்தில் நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குப் பாதிப் புகழ் தர உலகம் தயாராக இருந்திருந்தால், முழுப் புகழையும் அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. இப்படிச் சொல்வதால் நால்வரின் குறை இல்லாமல் போய்விடாது. அவர்களும் அதே நியூ ஜெர்சியின், அதே வயதுப் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் பெயர் ஒன்றே மூலதனம்.

பெயர் என்பது வெறும் மரியாதை அல்ல, பணமும்கூட. கணக்கைப் பார்ப்போம். 1998-ல் அமெரிக்கச் சட்டம் நிர்ணயித்திருந்த விகிதப்படி, ஐந்து நிமிடத்துக்கு மேற்போகாத ஒரு பாட்டுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அதை எழுதியவர்களுக்கு 7.1 சென்ட் தர வேண்டும். பத்து லட்சம் பிரதி விற்றால் ஒரு பாட்டுக்கு 71,000 டாலர். இந்த ஆல்பத்தின் முதல் வார விற்பனையை வைத்துப் பார்த்தால், ஒரே வாரத்தில் ஒரு பாட்டுக்குச் சுமார் 30,000 டாலர். கம்பெனிகள் ஒப்பந்தத்தில் இதை முக்கால் பங்காகக் குறைத்துக்கொள்வதும் உண்டு, பதிப்பாளர் பங்கு கழிவதும் உண்டு. எப்படிக் கழித்தாலும் மிஞ்சுவது பெரிய தொகை. அதுவும் ஒரு முறையோடு முடிவதில்லை. வானொலி, திரைப்படம், விளம்பரம், பிறர் எடுக்கும் சாம்பிள் என்று ஆயுள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். அதே அறையில் கூலிக்கு வாசித்தவருக்கு அன்றைய சம்பளத்தோடு சரி.

சட்டம் என்ன சொல்கிறது? இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஒரே படைப்பாக எண்ணி ஒரு பாட்டை எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அமெரிக்கச் சட்டம் அவர்களைச் சம பங்காளிகளாகப் பார்க்கும். ஒருவர் நூறு வரி எழுதி, இன்னொருவர் பத்து வரி எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் கூட்டாசிரியர் என்று நிரூபிப்பது எளிதல்ல. ராப் தொழிலில் பீட் செய்தவருக்குப் பாதி, வரி எழுதியவருக்குப் பாதி என்ற வழக்கம் பரவலாக உண்டு. வழக்கம் ஒப்பந்தமாகாது. அதனால் எழுதி வைக்காதவர் கோர்ட்டில் நினைவை நம்பி நிற்க வேண்டியதாகிறது. ஆறு பேர் அறையில் இருந்தால் ஆறு நினைவுகள். ஒவ்வொருவர் நினைவிலும் அந்த நல்ல மெட்டைக் கண்டுபிடித்தவர் அவரவரே.

நியூ ஆர்க் வழக்கு விசாரணைக்குப் போகவில்லை. 2001 பிப்ரவரியில் இரு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். தொகை ஐம்பது லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றம் எந்தத் தரப்பையும் சரி என்று சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

பிறகு 2018-ல், ஆல்பத்துக்கு இருபது ஆண்டு நிறைந்த சமயத்தில், ஜாஸ் பியானோக் கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் வானொலிப் பேட்டியொன்றில் இதே குற்றச்சாட்டைக் கிளப்பினார். இந்த முறை லாரின் ஹில் நீண்ட கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். தன் இசைக்குத் தானே கட்டடக் கலைஞர் என்பது அதன் சாரம். கைதேர்ந்த கலைஞர்களை அமர்த்திக்கொள்கிறேன், என் மனத்தில் உள்ளதை அவர்கள் ஒலியாக்கித் தருகிறார்கள், என்னைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை என்றார்.

அவர் எடுத்த உவமையை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுவோம். கட்டடக் கலைஞர் வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறார். கொத்தனார் அதைப் பார்த்துச் சுவர் எழுப்புகிறார். வீடு யாருடைய கற்பனை என்பதில் குழப்பம் இல்லை. அந்த ஸ்டுடியோவிலோ சுவர் எழும்போதே வரைபடமும் மாறிக்கொண்டிருந்தது. கொத்தனார் வைத்த ஒரு வளைவு நன்றாக இருக்கிறதே என்று வரைபடத்தில் ஏறியிருக்கும். அப்படி ஏறிய இடங்கள் எத்தனை என்பதே வழக்கு. கட்டடக் கலைஞர் இல்லாமல் அந்த வீடு இல்லை. கொத்தனார் வெறும் கூலி என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை நம்மால் ஏற்க முடியாதபோது, ஒருவரைத் திருடி என்றும் மற்றவரைப் பேராசைக்காரர் என்றும் பிரித்துப் பேசத் தொடங்குகிறோம்.

சின்ன எழுத்தில் வரும் பெயருக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதே ஆல்பத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. 'எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்' என்ற பாட்டில் பியானோ வாசித்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். உறைக் குறிப்பில் அவர் பெயர் ஜான் ஸ்டீஃபன்ஸ். பின்னாளில் உலகம் அவரை ஜான் லெஜண்ட் என்று அறிந்தது. பெரிய ஆல்பம் ஒன்றில் அவர் பெயர் அச்சானது அதுவே முதல் முறை. அவருக்கு அந்தச் சிறு எழுத்து போதுமானதாக இருந்தது. அவர் வாசித்தார், வாசித்தவர் என்று பெயர் வந்தது. செய்த வேலையும் அச்சான பெயரும் பொருந்திய இடத்தில் சண்டை இல்லை.

ஆல்பம் தன் வழியில் வளர்ந்துகொண்டே இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2021-ல் ஒரு கோடி என்ற கணக்கைக் கடந்து டயமண்ட் சான்று பெற்றது. இணையவழிக் கேட்பும் இப்போது அந்தக் கணக்கில் சேரும். ராப் பெண்களில் அந்தச் சான்றை முதலில் பெற்றவர் லாரின் ஹில். 2002-ல் கிதாரோடு தனியாக உட்கார்ந்து பாடிய மேடைப் பதிவு ஒன்று வெளிவந்தது. இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இன்றுவரை வரவில்லை. வழக்கால்தான் அப்படி ஆயிற்று என்று சொல்லிவிட மாட்டேன். ஒரு மனித வாழ்க்கைக்கு அப்படி ஒற்றைக் காரணம் கற்பிப்பது நேர்மையாகாது. அந்த ஆல்பத்தைச் செய்த கூட்டம் திரும்ப ஒருமுறை கூடி வேலை செய்ய வழியில்லாமல் போயிற்று என்பது மட்டும் நிச்சயம். இழப்பு கேட்கிற நமக்கும்தான்.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் முடிவாகச் சில வார்த்தைகள். உங்களில் பலர் படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நண்பர்களோடு பாட்டுச் செய்கிறீர்கள். நட்பு இருக்கும்போது காகிதம் எதற்கு என்று தோன்றும். நட்பு இருக்கும்போதுதான் அதை எழுத முடியும். பணமும் புகழும் வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் அது வழக்கறிஞர்களின் வேலையாகிவிடும். ஒரு பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் தேதியைப் போடுங்கள். மெட்டு யார், வரி யார், பீட் யார், வாசித்தது யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். கால் மணி நேர வேலை. உங்களில் ஒருவர் தலைவராக இருந்தால், அந்தத் தாள் அவர் தலைமையைக் குறைக்காது. தலைமை தாங்கியவர் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

குழுவில் பெண் ஒருவர் இருந்து, இசையை வடிவமைப்பது அவராக இருந்தால், அதை முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டியவர்கள் கூட இருக்கும் ஆண்களே. அவர் கேட்டு வாங்கும் நிலைக்கு விடாதீர்கள். நீங்கள் உரக்கச் சொல்லிவிட்டால், எல்லாமே தான்தான் என்று எழுதிக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவருக்கு வராது. உங்கள் பெயரும் அவர் பெயருக்குப் பக்கத்தில் உரிய எழுத்தில் வரும். லாரின் ஹில்லையும் நியூ ஆர்க் இளைஞர்களையும் எதிரெதிரே நிறுத்தியது இசை அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் யாரும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. அந்தத் தவறு நம் கையில் நடக்காமல் பார்த்துக்கொள்ள நமக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை.